வணிகவியல், கணக்குப்பதிவியல் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாமா?

பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிற ஒரு மாணவியின் கேள்வி இது. மேல்நிலையில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எடுக்க ஆசை, ஆனால் "இரண்டும் ஒன்றுதான், ஒன்று போதும்" என்று தோழிகள் சொல்கிறார்கள். கணிதத்தில் சுமார்தான். நல்ல மார்க் வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பக்கம் போகிறாய் என்று அப்பா கேட்கிறார். எப்படியும் பட்டப்படிப்பில் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுப்பார்களாமே, அப்புறம் இப்போதே எதற்கு என்ற சந்தேகம் வேறு.

நான் முதலில் தணிக்கை வேலையில் இருந்தேன், பிறகு இந்த இரண்டு பாடங்களையும் மேல்நிலை மாணவர்களுக்கு நடத்த வந்தேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். இரண்டையும் எடுக்கலாம், சேர்த்து எடுத்தால் ஒன்றுக்கு ஒன்று நன்றாகவே துணை நிற்கும், ஆனால் கணிதத்தை மட்டும் முடிந்தவரை கைவிடாதீர்கள். இதைவிட முக்கியம், எந்த வேலைக்குப் போவோம் என்பதை வைத்து முடிவு செய்யாமல், தினமும் சாயங்காலம் உட்கார்ந்து என்ன மாதிரி வேலையைச் செய்யப்போகிறோம், அது நமக்கு ஒத்துவருமா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பதினாறு வயதில் தேர்ந்தெடுக்கும் வேலை பாதியில் மாறிவிடலாம். இரண்டு வருடம் தினமும் செய்யும் வீட்டுப்பாடம் மாறாது.

முதலில் "இரண்டும் ஒன்றுதான்" என்பதை எடுத்துக்கொள்வோம். ஒன்றல்ல. கிடங்கில் இருக்கும் சரக்கை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பதிவியலில் அது ஒரு சொத்து. ஒரு வியாபாரத்துக்கு என்னென்ன சொத்து, என்னென்ன கடன் என்று காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் நிற்கும், அதை என்ன மதிப்பில் காட்டுவது, அடக்கவிலையிலா, விற்றால் கைக்கு வரக்கூடிய தொகையிலா, இரண்டில் எது குறைவு என்பதுதான் அங்கே கேள்வி. அதே சரக்கை வணிகவியலில் பார்த்தால் வேறு கதை. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்த தைச்சி ஓனோ, தேவைக்கு மேல் தேங்கும் சரக்கை விரயங்களில் ஒன்றாகவே வைத்தார். தேவைப்படும் நேரத்தில் தேவையான அளவு மட்டும் வரவேண்டும் என்பது அந்த முறையின் உயிர். அது அற்புதமாக ஓடியது. பிறகு 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து பாகங்கள் வருவது நின்றபோது, கையில் கொஞ்சம் வைத்திருக்கவும் வேண்டும் என்று டொயோட்டாவே தன் முறையைத் திருத்திக்கொண்டது, கணினிச் சில்லுகளைச் சில மாதங்களுக்குத் தேவையான அளவு கையிருப்பில் வைக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது. 2021ல் உலகம் முழுக்கச் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது ஆரம்ப மாதங்களில் மற்ற கார் கம்பெனிகளைவிட அது நிதானமாக இருந்ததற்கு இது ஒரு காரணம். ஒரே சரக்கு ஒரு பாடத்தில் சொத்து, இன்னொரு பாடத்தில் சூழ்நிலையைப் பொறுத்து விரயம் அல்லது காப்பு. இரண்டையும் படிப்பவருக்கு மட்டும்தான் இந்த முரண் கண்ணில் படும், அதைப் பற்றி யோசிக்கவும் தோன்றும்.

இப்போது கணக்குப்பதிவியல் என்றால் உண்மையில் என்ன என்று பார்க்கலாம், ஏனென்றால் இதைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். கூட்டல் கழித்தல் என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம், ஃபார்மட்டை மனப்பாடம் செய்தால் போதும் என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே இல்லை. ஒரு சின்னக் கணக்கு: ஒரு வியாபாரம் அக்டோபர் 1 அன்று ஒரு வருடத்துக்கான காப்பீட்டுத் தொகை 12,000 செலுத்துகிறது. கணக்கு முடிக்கும் நாள் டிசம்பர் 31. இந்த வருடச் செலவு எவ்வளவு? முதல் தடவை கேட்டால் பெரும்பாலானவர்கள் 12,000 என்பார்கள், பணம் போய்விட்டதே என்று. ஆனால் இந்த வருடம் அனுபவித்தது மூன்று மாதக் காப்பு மட்டும்தான், அதனால் செலவு 3,000. மீதி 9,000 இன்னும் செலவாகவே இல்லை, அடுத்த வருடம் நமக்கு வரவேண்டிய ஒரு சேவை, ஆகவே அது சொத்து. முன்கூட்டிச் செலுத்திய செலவு என்று இருப்புநிலைக் குறிப்பில் போகும். இதில் கணிதம் என்று பார்த்தால் 12,000ஐ நான்கால் வகுத்ததுதான். மற்றதெல்லாம் யோசனை: எந்தக் காலத்துக்கு எது சேரும், யாருக்கு யார் என்ன தரவேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போங்கள். ஒருவர் ஏழு லட்சத்துக்கு ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்குகிறார், மொத்தத்தையும் பத்து லட்சத்துக்குக் கடனுக்கு விற்றுவிடுகிறார், வருடக் கடைசி வரை ஒரு பைசா வசூலாகவில்லை. லாபம் மூன்று லட்சம். கையில் இருந்த பணமோ ஏழு லட்சம் குறைந்திருக்கிறது. புத்தகத்தில் லாபம் காட்டிக்கொண்டே சம்பளம் போட முடியாமல் ஒரு வியாபாரம் மூடப்படுவது எப்படி என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். லாபமும் ரொக்கமும் வேறு வேறு என்பதை நிஜமாகவே உணர்ந்த பிறகு ஒரு கம்பெனியைப் பற்றிய செய்தியை நீங்கள் வாசிக்கும் விதமே மாறிவிடும். எனக்கு இந்தப் பாடத்தின் மேல் இருக்கிற பிரியத்துக்கு முக்கியமான காரணம் இதுதான்.

முதல் சில வாரங்கள் கொஞ்சம் தலை சுற்றும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பற்று, வரவு என்று ஆரம்பிப்பார்கள். வங்கியிலிருந்து நமக்கு வரும் குறுஞ்செய்தியில் பணம் வந்தால் "வரவு வைக்கப்பட்டது" என்று இருக்கும், வகுப்பிலோ ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று செய் என்பார்கள். இந்த இடத்தில் குழம்பி, விதியை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். வங்கி தன் புத்தகத்திலிருந்து எழுதுகிறது, நீங்கள் போட்ட பணம் வங்கிக்குக் கடன், உங்களுக்குச் சொத்து, ஒரே நடவடிக்கையை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான் விஷயம். இதை ஒரு முறை சரியாகப் புரிந்துகொண்டால் அப்புறம் நம் புத்தகத்தையும் வங்கியின் புத்தகத்தையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் வரைக்கும் சிரமமில்லை. புரியாமல் தாண்டிப்போனால் ஒவ்வொரு அத்தியாயமும் கஷ்டம். ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இந்த இரட்டைப்பதிவு முறை நேற்று வந்ததல்ல. இத்தாலிய வணிகர்கள் பல தலைமுறைகளாகக் கையாண்டு வந்ததை, லூக்கா பச்சோலி என்ற கணித ஆசிரியர், அவர் ஒரு துறவியும்கூட, 1494ல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் ஒரு பகுதியாக விளக்கி எழுதினார். இன்று எந்த நாட்டில் எந்தக் கணக்கு மென்பொருளைத் திறந்தாலும் உள்ளே ஓடுவது அதே முறைதான்.

இந்தப் பாடத்தில் மாணவர்களுக்குப் பிடித்துப்போகிற இடம் எது என்றால், என் அனுபவத்தில், பிழை தேடுவது. எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் இரண்டு பக்கமாகப் பட்டியலிடும் இருப்பாய்வு போடுகிறீர்கள், இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை, 900 வித்தியாசம். முதலில் அந்த வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட்டால் எங்கேயோ இலக்கங்கள் இடம் மாறியிருக்க நல்ல வாய்ப்பு, 5,400 என்பதை 4,500 என்று எழுதியிருப்பீர்கள். அடுத்து அதைப் பாதியாக்கிப் பாருங்கள், 450 என்று ஏதாவது ஒரு தொகை இருந்தால் அதைத் தவறான பக்கத்தில் எடுத்து எழுதியிருக்கலாம், ஏனென்றால் பக்கம் மாறினால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும். அப்படியும் கிடைக்காவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கு என்ற தற்காலிகக் கணக்கில் போட்டுவிட்டுத் தேடலைத் தொடர வேண்டியதுதான். இப்படித் துப்பறிவதில் உங்களுக்கு ஒரு சுகம் இருக்கிறது என்றால் இந்தப் பாடம் உங்களுக்கு. "வந்தால் வருகிறது, வராவிட்டால் போகிறது" என்று தோன்றுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் இருப்பாய்வு ஒத்துப்போனாலே எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. விதிப்பிழை என்று ஒன்று படிப்பீர்கள். செலவாகக் காட்ட வேண்டியதைச் சொத்தாகக் காட்டினால் இரண்டு பக்கமும் அழகாக ஒத்துப்போகும், கணக்கு மட்டும் பொய்யாகிவிடும். பாடப்புத்தகத்தில் மூலதனச் செலவு (பல வருடம் பயன் தரும் சொத்துக்கான செலவு), வருவாயினச் செலவு (அந்தந்த வருடத்தோடு தீர்ந்துபோகும் செலவு) என்று ஆரம்பத்திலேயே வரும் அத்தியாயம், பலர் இரண்டு மார்க் கேள்விக்கான வேறுபாடுகள் என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அமெரிக்காவின் வேர்ல்ட்காம் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் விழுந்தது அந்த அத்தியாயத்தில்தான். மற்ற கம்பெனிகளின் தொலைபேசிக் கம்பிகளைப் பயன்படுத்தக் கொடுக்கும் கட்டணம் சாதாரணச் செலவு, மாதாமாதம் லாபத்திலிருந்து கழிக்க வேண்டியது. அவர்கள் அதைச் சொத்து வாங்கியதுபோலப் பதிந்து லாபத்தை ஊதிக் காட்டினார்கள். சிந்தியா கூப்பர் என்பவர் தலைமையில் அந்த நிறுவனத்தின் உள்தணிக்கைக் குழுதான் இதைக் கண்டுபிடித்தது. 2002 ஜூனில் வெளியே வந்தபோது தொகை 380 கோடி டாலர், தோண்டத் தோண்ட மற்ற முறைகேடுகளும் சேர்ந்து அது சுமார் 1,100 கோடி டாலர் வரை போனது. அடுத்த மாதமே நிறுவனம் திவால் மனு கொடுத்தது, அதன் தலைவராக இருந்த பெர்னார்ட் எபர்ஸுக்கு 2005ல் 25 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. மேல்நிலை மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு வேறுபாடுதான் இந்த விவகாரத்தின் மையம். அந்த இரண்டு மார்க் கேள்வியை இனிமேல் அலட்சியமாகப் பார்க்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, வணிகவியலுக்கு வருவோம். "கதை மாதிரி வாசித்தால் போதும், பொது அறிவு இருந்தால் எழுதிவிடலாம்" என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. இதை நம்பி எடுத்தவர்கள் சராசரி மார்க்கிலேயே நின்றுவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள், ஆனால் கேட்டதற்குப் பதில் இருக்காது. ஒரு மாதிரிக் கேள்வி: ஒரு தொழிற்சாலை விற்பனையைப் பெருக்க விலையைப் பத்து சதவீதம் குறைக்கலாமா என்று யோசிக்கிறது, ஆலோசனை சொல்லுங்கள். சுமாரான விடை, விலை நிர்ணயத்தின் வரையறை, விலை குறைப்பின் நன்மைகள் நான்கு, தீமைகள் நான்கு என்று போகும். எந்தத் தொழிற்சாலைக்கும் அதையே எழுதலாம், அதனால்தான் அதற்கு மார்க் குறைவு. நல்ல விடை கேள்வியில் கொடுத்திருக்கும் எண்களைக் கையில் எடுக்கும். விலை 100, ஒரு பொருளுக்கு மாறும் செலவு (உற்பத்தி கூடினால் கூடும் செலவு) 70 என்று கொடுத்திருந்தால் ஒன்றுக்குப் பங்களிப்பு, அதாவது விலையில் அந்தச் செலவு போக மிஞ்சுவது, 30. விலையை 90 ஆக்கினால் பங்களிப்பு 20 ஆகிவிடும். அதாவது பழைய லாபத்தைப் பிடித்துவைக்கவே இனி ஒன்றரை மடங்கு விற்றாக வேண்டும். விலையில் பத்து சதவீதம், விற்பனையில் ஐம்பது சதவீதம். அவ்வளவு தயாரிக்க இயந்திரங்களுக்குத் திறன் இருக்கிறதா? போட்டியாளரும் விலையைக் குறைத்தால் என்ன ஆகும்? மலிவாகிவிட்டது என்று தரத்தின் மேல் சந்தேகம் வருமா? இப்படியெல்லாம் யோசித்துவிட்டு, கடைசியில் ஏதாவது ஒரு பக்கம் நின்று, ஏன் என்று காரணம் சொல்லி முடிக்க வேண்டும். "அது சூழ்நிலையைப் பொறுத்தது" என்று மட்டும் எழுதி நழுவக்கூடாது, எந்தச் சூழ்நிலையில் எது என்று சொல்லவேண்டும்.

கவனித்தீர்களா, இந்த வணிகவியல் விடையைக் காப்பாற்றியது பங்களிப்புக் கணக்கு. அதே மாதிரி, கணக்குப்பதிவியலில் விகிதங்களைப் போட்டுவிட்டு "நடப்பு விகிதம் (குறுகிய காலக் கடன்களோடு ஒப்பிட்டால் விரைவில் பணமாகும் சொத்து எத்தனை மடங்கு என்பது) 2லிருந்து 1.1க்குக் குறைந்திருக்கிறது, இது என்ன சொல்கிறது" என்று கேட்டால் எண்ணை மட்டும் தெரிந்தவர் திணறுவார். பருவகாலத் தேவை, சப்ளையர் தவணை, கடனுக்கு அள்ளிக்கொடுத்த விற்பனை என்று வியாபாரத்தைத் தெரிந்தவர்தான் நான்கு வரி எழுதுவார். இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்வது இதனால்தான். இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும் என்ற நிலைமை வந்தால் என் ஓட்டு கணக்குப்பதிவியலுக்கு. வணிகவியலில் உள்ள பலவற்றைப் பிற்பாடு வாசித்தும் வேலை பார்த்தும் பிடித்துக்கொள்ளலாம். இருபத்தைந்து வயதில் தனியாக உட்கார்ந்து இரட்டைப்பதிவு கற்றுக்கொள்ளும் பொறுமை எல்லாருக்கும் வராது.

கணிதம் சுமார் என்றீர்கள். இந்த இரண்டு பாடங்களுக்கும் அது தடையே இல்லை. சதவீதம், விகிதம், சராசரி, வகுத்தல் பெருக்கல், இவைதான் திரும்பத் திரும்ப வரும், கால்குலேட்டரும் பல தேர்வுகளில் உண்டு. கணக்குப்பதிவியலில் தோற்கிறவர்களைப் பார்த்தால் கணிதம் வராதவர்கள் குறைவு, ஒரு படியை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம், கையெழுத்தும் கட்டங்களும் ஒழுங்கில்லாமல் தாங்கள் எழுதிய எண்ணைத் தாங்களே தப்பாக வாசிக்கிறவர்களும் கணிசம். ஆனால் கணிதத்தைத் தனிப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஆரம்பத்தில் சொன்னதற்குக் காரணம் வேறு. பொருளியல், நிதி, காப்பீட்டுக் கணிப்பியல், புள்ளியியல், தரவு சார்ந்த பட்டப்படிப்புகள், இவற்றில் பலவற்றுக்கு வாசலிலேயே மேல்நிலைக் கணிதம் கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால் கணக்கியல் பட்டப்படிப்புக்குக்கூட மேல்நிலையில் கணக்குப்பதிவியல் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பதில்லை. ஆகவே கணிதம் பிடிக்காவிட்டாலும் தேறிவிட முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே அது உங்களை அழுத்தி மற்றப் பாடங்களின் மார்க்கையும் இழுத்துவிடும் என்றால் விட்டுவிடுங்கள், அதோடு மேலே சொன்ன படிப்புகளில் சில கைநழுவும் என்பதைத் தெரிந்தே விடுங்கள்.

அப்பாவின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது: அறிவியல் பாடங்களை விட்டால் மருத்துவம், பொறியியல் மாதிரியான படிப்புகளுக்குத் திரும்பிப் போவது மிகக் கடினம், சில இடங்களில் முடியவே முடியாது. அந்தப் பக்கம் போக உங்களுக்குக் கொஞ்சமாவது ஆசை இருந்தால் இந்தப் பாடங்களை எடுக்க வேண்டாம், அறிவியலிலிருந்து வணிகத்துக்கு வருவது எளிது, இங்கிருந்து அங்கே போவதுதான் கடினம். ஆசை இல்லை என்றால், மூடும் கதவுகளை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. சட்டம், நிர்வாகம், பொருளியல், வங்கி, இதழியல், ஆசிரியப் பணி எதுவும் மூடிவிடவில்லை. சட்டத்துக்கே இது நல்ல அடித்தளம். நிறுமம், அதாவது கம்பெனி, என்பது அதன் உரிமையாளரிலிருந்து தனியான ஒரு நபர் என்று வகுப்பில் சொல்வார்கள், 1897ல் பிரிட்டனின் உச்சபட்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, சாலமன் என்ற தோல் காலணி வியாபாரியின் வழக்கில் உறுதிசெய்த விஷயம் அது, நிறுமச் சட்டம் படிக்கும் எவரும் இன்றைக்கும் முதலில் சந்திக்கும் வழக்கு. உங்களுக்கு அது பழைய நண்பரைப் பார்த்தது போலத்தான் இருக்கும். "நல்ல மார்க் இருக்கும்போது ஏன்" என்ற பகுதிக்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். நல்ல மார்க் எடுப்பவர்கள் போகக்கூடாத இடம் என்று எந்தப் பாடமும் கிடையாது. பட்டயக் கணக்காளர் தேர்வுகளின் தேர்ச்சி விகிதத்தை அப்பாவிடம் ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கள், சோம்பேறிகளின் துறை என்ற எண்ணம் அத்தோடு போய்விடும். அந்தத் தொழிலுக்கு ஒரு நீண்ட மரபும் இருக்கிறது, எடின்பரோ கணக்காளர் சங்கம் அரச சாசனம் பெற்றது 1854ல். இன்று சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளைக் கட்டாயமாக்கிய நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் 140க்கு மேல். வரிச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் கணக்கைப் படிக்கத் தெரிந்தவரின் அடிப்படைத் திறமை எல்லை தாண்டியும் செல்லும்.

பட்டப்படிப்பில் முதலிலிருந்து சொல்லித்தருவார்களே என்ற கேள்விக்கு: ஆமாம், சொல்லித்தருவார்கள். மேல்நிலையில் இரண்டு வருடம் நிதானமாகப் படித்ததை அங்கே ஒரு பருவத்துக்குள் முடித்துவிடுவார்கள். ஏற்கனவே படித்தவருக்கு அந்தப் பருவம் மூச்சு விடும் நேரம், புதிதாக வருபவருக்கு ஓட்டம். ஆனால் முடியாத காரியமில்லை, படிக்காமல் வந்து முதல் மாணவராக வெளியே போனவர்களும் இருக்கிறார்கள். அதனால் இதை மட்டுமே காரணமாக வைத்து எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள்: போட்டி அதிகமுள்ள சில பல்கலைக்கழகங்கள் வணிகமும் கணக்குப்பதிவியலும் ஒன்றோடொன்று நெருங்கிய பாடங்கள் என்று கருதி, கூடவே கணிதம், வரலாறு, மொழி இலக்கியம் மாதிரி ஏதாவது வேண்டும் என்று எதிர்பார்க்கும். நீங்கள் குறிவைக்கும் படிப்பின் சேர்க்கை விதிகளை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே வாசியுங்கள். அண்ணன் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று நம்பாதீர்கள், விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. மூன்றாவது நான்காவது பாடத்துக்கு நீளமாக எழுதப் பழக்கும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் வணிகவியல் விடைகளுக்கும் அது கைகொடுக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வயதில் எல்லாரும் மனசுக்குள் வைத்திருக்கும் கேள்வி: கணக்கு எழுதுவதை எல்லாம் கணினி செய்துவிடாதா? எழுதுவதை ஏற்கனவே செய்கிறது. 1979ல் விசிகால்க் வந்தது, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள், இன்றைய எக்செல் மாதிரியான மென்பொருள். ஒரு எண்ணை மாற்றினால் கரும்பலகையில் உள்ள அட்டவணை முழுவதையும் அழித்து எழுத வேண்டியிருப்பதை ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக உட்கார்ந்து பார்த்த டான் பிரிக்லினுக்கு வந்த யோசனை அது. கைக்கூட்டல் அன்றைக்கே தொழிலிலிருந்து வெளியேற ஆரம்பித்தது, "இதை மாற்றினால் என்ன ஆகும்" என்று கேட்கும் வேலை பெருகியது. இப்போது ரசீதைப் படம் எடுத்தாலே மென்பொருள் பதிந்துவிடுகிறது, பதிவு வேலைக்கு மட்டும் ஆள் எடுப்பது இன்னும் குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பழுதுபார்ப்பா, புதிய சொத்தா என்று மென்பொருள் தவறாக வகைப்படுத்தினால் விதிப்பிழை அப்படியே நிற்கும், இருபக்கமும் ஒத்துப்போய், பார்க்கச் சுத்தமாக. அதைக் கண்டுபிடிக்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். ஆகவே பேரேட்டில் (கணக்குவாரியாகப் பதிவுகளைத் தொகுக்கும் புத்தகம்) எடுத்தெழுதும் வேகத்தைவிட, ஒவ்வொரு பதிவும் ஏன் அப்படி என்று விளக்கத் தெரிவதில் உங்கள் உழைப்பைப் போடுங்கள்.

யாருக்கு இது சரிவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறிவியலிலிருந்து தப்பிக்க வேறு வழியில்லாமல் வருகிறவர்கள், தோழிகள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்று வருகிறவர்கள், சொந்தமாகத் தொழில் தொடங்க இதுதான் நுழைவுச்சீட்டு என்று நினைப்பவர்கள். கடைசி ரகத்துக்கு ஒரு வார்த்தை: வணிகவியல் படித்தால் தொழிலதிபராகிவிட மாட்டீர்கள், ஆனால் தொழில் தொடங்கினால் வியாபாரப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலக்கக்கூடாது என்பது முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். வணிகத் தனித்தன்மை என்ற அந்த ஒரே பாடம் எத்தனையோ சிறு தொழில்களைக் காப்பாற்றியிருக்கும், தெரியாமல்தான் பலர் முழுகுகிறார்கள். அப்புறம், தேர்வுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து படிக்கும் பழக்கமுள்ளவர்கள் கணக்குப்பதிவியலில் கஷ்டப்படுவார்கள். தினம் ஒரு கணக்கு போட்டே ஆகவேண்டிய பாடம் இது. வாசித்துவிட்டு "புரிந்தது" என்று மூடிவைத்தால் மறுநாள் வெற்றுத்தாளில் முதல் வரி வராது.

படிவம் கொடுக்கும் முன் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் பழைய பாடப்புத்தகங்களைக் கடன் வாங்குங்கள். கணக்குப்பதிவியலில் குறிப்பேட்டுப் பதிவுகள் (நடவடிக்கைகளை நாள்வாரியாக முதலில் எழுதுவது) அத்தியாயத்தை எடுத்து, விளக்கத்தை வாசித்துவிட்டு, விடையைப் பார்க்காமல் பத்துப் பதிவுகள் போடுங்கள். தப்பாக வருவது பிரச்சினையில்லை, கட்டாயம் வரும். தப்பு ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்து போக மனசு வருகிறதா என்று கவனியுங்கள். வணிகவியலுக்கு, செய்தியில் வந்த ஏதாவது ஒரு கம்பெனியின் முடிவை, ஒரு ஆலை மூடல், ஒரு விலை உயர்வு, எதுவானாலும், எடுத்துக்கொண்டு அது சரியா என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்துவிட்டு, கம்பெனியின் பெயரை மாற்றினாலும் அந்தப் பக்கம் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் இன்னும் ஆழமாகப் போகவில்லை என்று அர்த்தம், இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாம்.

இதற்குப் பிறகும் தயக்கம் இருந்தால், கணக்குப்பதிவியலோடு ஆரம்பித்துவிடுங்கள். அது அத்தியாயத்தின் மேல் அத்தியாயமாக ஏறும் பாடம், இரண்டு மாதம் கழித்து நடுவில் வந்து சேர்கிறவர் வகுப்பில் தேய்மானம் என்ற பிந்தைய அத்தியாயம் நடக்கும்போது முதல் அத்தியாயங்களில் வரும் குறிப்பேட்டைப் படித்துக்கொண்டிருப்பார். ஆரம்பத்திலிருந்து உட்கார்ந்துவிட்டு, பாடம் மாற்ற உங்கள் பள்ளி அனுமதிக்கும் தேதிக்குள் பிடிக்கவில்லை என்று விலகுவது சுலபம். வணிகவியல் அப்படியில்லை, அதில் அத்தியாயங்கள் பெரும்பாலும் தனித்தனி, தாமதமாகச் சேர்ந்தாலும் ஒரு விடுமுறையில் விட்டதைப் பிடித்துவிடலாம். பள்ளியில் பாடம் மாற்றக் கடைசி நாள் எது என்பதை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.